பாதியில் நின்ற முள்

லாபிஸ் செம்பனை ஆலையில்
லோரி நிறுக்கும் மேடைக்கு நான்தான் கிராணி.
உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை,
நடுவே இருப்பதுதான் சரக்கு.
இருபது கிலோ பிசகினாலும்
லோரிக்காரன் மூஞ்சியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

என் காடியில் எண்ணெய் எவ்வளவு என்பதுதான்
எனக்குத் தெரியாது.

டாட்சன் நூற்றிருபது ஒய்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
வாங்கிய நாள் முதலாய் முள் பாதியில்.
வயிறு முட்ட ஊற்றினாலும் பாதி,
ரயில் கேட் பக்கத்தில் வறண்டு நின்று
பின்னால் ஆறு காடி ஹாரன் அடித்தபோதும் பாதி.
யூனியன் கூட்டத்தில்
இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுகிற ஆள் மாதிரி.

பட்டறை லிம்மும் நானும் தொட்டியைக் கழற்றினோம்.
துருவேறி நடுவிலேயே இறுகிப்போன கை.
தட்டித் தட்டி விடுவித்தால்
அதன் நுனி மிதவையில் ஊசிமுனை ஓட்டை.
காதருகே ஆட்டினேன். சளசளவென்றது.
மிதக்க வேண்டியது குடித்துவிட்டிருக்கிறது.

யோங் பெங் ஹாஃப்-கட் கடையில் கிடைக்கவில்லை.
மூவாரில் இருக்கிறது என்றார்கள், போனால் அது கொரோலாவுக்கு.
ஹட்யாயிலிருந்து ஒருவன் அனுப்பினான், எண்பது வெள்ளி,
பிரித்தால் லோரிச் சாமான்.
கடைசியில் மூவார் படகுத்துறையில்
ரோஸ்லான் தூக்கி எறிய வைத்திருந்த
எஞ்சின் தோங்கிலிருந்து ஒரு பித்தளை மிதவை.
ஐந்து வெள்ளி. அதற்கும் பேரம் பேசினேன்.

படகு மிதவைக்கு டாட்சன் கணக்கு புரியவில்லை.
தொட்டி நிறைந்தும் முள் முக்காலைத் தாண்ட மறுத்தது.
சரி, போகட்டும்.
எல்லாவற்றையும் இறக்கிவிட்டு
ஐந்து ஐந்து லிட்டராய் ஊற்றி
முள் நின்ற இடத்திலெல்லாம்
கண்ணாடிமேல் புள்ளி வைத்தேன்.
மார்க்கர் வியர்வையில் அழிந்தது.
லோஷினியின் நகப்பூச்சு இருந்தது, சிவப்பு.
ஜொகூர் பாரு வேலையை விட்டு வந்ததிலிருந்து
அவள் தொடாதது. இடுக்கி வைத்துத்தான் மூடியைத் திருகினேன்.

எட்டு மாதம். அறைக் கதவும் அப்படித்தான்.
வெளியே தட்டு வைப்பேன்,
காலித் தட்டு வெளியே வரும்.
என்னம்மா என்றால் ஒன்னும் இல்லம்மா.
அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

செவ்வாய் மாலை முள் ஆறாம் புள்ளியில்.
புதன் காலை ஐந்தாம் புள்ளிக்கும் கீழே.
ஒழுகுகிறது என்று அடியில் அட்டை விரித்தேன்.
அட்டை காய்ந்தே கிடந்தது.
வெள்ளி இரவு மறுபடி ஆறு லிட்டர்.

இந்தக் கிழட்டு எஞ்சினுக்கு ஆறு லிட்டர் என்றால்
சிகாமட் போய்த் திரும்புகிற தூரம்.
ஓட்டுகிற இருக்கை ஒரு பல் பின்னால் தள்ளியிருந்தது.
என்னைவிட அவளுக்குக் கால் நீளம்.
இருக்கைக்கு அடியில், ஐஸ் மைலோ குடித்த பிளாஸ்டிக் பை,
சிவப்புக் கயிறோடு, உறிஞ்சுகுழலோடு.

அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு
வேலைக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆறு லிட்டருக்கு நடுவே என்ன சரக்கு?
நிறுத்துப் பார்க்க என்னிடம் மேடை இல்லை.
ஒருவேளை வெறும் சாலைதான்,
இரண்டு பக்கமும் செம்பனை, ஜன்னல் திறந்து.

சாயங்காலம் எண்ணெய் நிலையத்தில்
கவுண்ட்டர் பையன் எவ்வளவு என்றான்.
எட்டாவது புள்ளி வரைக்கும் என்றேன்.
விழித்தான்.
நிறைய ஊற்றணும் தம்பி, என்றேன்.

வீட்டுக்கு வந்து
கேட்டின் கீல்கள் இரண்டுக்கும் கிரீஸ் வைத்தேன்.
திறந்து மூடிப் பார்த்தேன்.
சத்தம் இல்லை.