சிவப்பு வயர்

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்ததும்
முதலில் வந்தது கரப்பான்.
பிறகு ஒரு சிவப்பு வயர்.
மூன்று சனிக்கிழமை அதன் பின்னாலேயே போனேன்.
சிங்க்குக்கு அடியில் புகுந்து
கேஸ் குழாயோடு ஒட்டி உறவாடி
படுக்கைப் பலகைக்குள் நுழைந்து
டேப் சுற்றிய மொட்டை முனையில்
நின்றுவிட்டது.
"எதுக்குடா இது" என்று கத்தினேன்.
தன்னைத்தான் கேட்கிறேன் என்று
பக்கத்து வீட்டு மொகம்பரி
வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

வண்டி எண்பத்தாறாம் வருஷத்து மாடல்.
ஹோவிக்கில் லோட்ஸ் அம்மாளிடம் வாங்கியது.
"எல்லாம் என் கணவரே கையால் செய்தது"
என்றாள், சாவியைக் கொடுக்கும்போது.
அது எச்சரிக்கை என்று
அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

சிலிக்கோன் மேல் சிலிக்கோன் மேல் சிலிக்கோன்.
நுழைந்த இடத்தை விட்டுவிட்டு
சொட்டிய இடத்தையே அடைத்திருக்கிறான் மனுஷன்.
தண்ணீருக்கு ஏது நேர்வழி?
கூரையில் ஏணிக்குப் போட்ட திருகு ஓட்டையில் இறங்கி,
சட்டத்தோடு நாலடி நடந்து,
ஜன்னல் மூலையில் வந்து முகம் காட்டும்.
பழி ஜன்னலுக்கு.

சுரண்டினேன். சமையல் கத்தி இரண்டு போயிற்று.
உள்ளே பலகை
டீயில் விழுந்த ரஸ்க்.
கையாலேயே அள்ளிப் போட்டேன்.
தரைவிரிப்பை உரித்தபோது
அடியில் பென்சில் எழுத்து, ஆப்பிரிக்கான்ஸில்.
பள்ளியில் வேண்டாவெறுப்பாய்ப் படித்தது
இதற்காவது உதவியதே.
"மறுபடி இங்கே. மார்ச் 94."
"மறுபடி. ஆகஸ்ட் 97."
மூன்றாவதில் தேதி இல்லை:
"கடவுளே."

அதற்குப் பிறகு
அவனை அவ்வளவாகத் திட்ட முடியவில்லை.
லோட்ஸ் அம்மாளுக்குப் போன் செய்தேன்.
சிவப்பு வயரா, என்று யோசித்தாள்.
"படுக்கையில் என் பக்கமா?"
"ஆமாம்."
"அது என் விளக்கு. படிக்க.
அடுத்த வாரம் மாட்டுகிறேன் என்றார்."
எந்த வருஷத்து அடுத்த வாரம்
என்று நான் கேட்கவில்லை.

பின் கண்ணாடியில் ஐந்து ஸ்டிக்கர்.
சிங்கம் ஒன்று, அணைக்கட்டு ஒன்று,
இரண்டு வெயிலில் வெளிறி வெறும் காகிதம்.
ஐந்தாவது:
தென்கரை கேரவன் பார்க், டிசம்பர் 1986.
அந்த டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது.
அந்த பார்க்கின் கடைக்கு
அப்பா தக்காளி போட்டார், பின்வாசல் வழியாக.
நான் பக்கியிலேயே உட்கார்ந்திருப்பேன்,
சூடான சீட்டில் தொடை ஒட்டிக்கொள்ள.
உயரமான வேலிச்செடி.
அதற்கப்பால் கடல் இரைந்தது.
கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.
இந்த வண்டி
அந்தப் பக்கம் நின்றிருக்கிறது.

ஹேர் டிரையரை எடுத்துவந்தேன்.
சூடு பட்டதும் பசை இளகி
தென்கரை வந்தது, கேரவன் வந்தது.
டிசம்பர் பாதி உரியும்போது
தெரு முழுக்க இருட்டு.
ஆறு மணி மின்வெட்டு, சாட்ஸ்வொர்த்துக்கு
இதில் மட்டும் நேரம் தவறுவதில்லை.
கூரை சோலார் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது.
ஆனால் டிரையர் அதற்குத் தாங்காது.
ரைஸ் குக்கரோடு வந்து நின்ற மொகம்பரியிடமும்
அதையேதான் சொன்னேன்.
அவன் போனை மட்டும் சொருகிவிட்டுப் போனான்.
பிறகு அவன் மாமியார் போன்,
எதிர்வீட்டுப் பையனின் ஸ்பீக்கர்.
படுக்கை ஓரத்தில், சிவப்பு வயரின் முனையில்
நான் மாட்டிய விளக்கு எரிந்தது.
கண்ணாடியில் 1986 மட்டும் மிச்சம்.
இன்னும் அப்படியே இருக்கிறது.
சோம்பல் என்றும் சொல்லலாம்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
டார்ச்சை ஜன்னல் மூலைக்குப் பிடித்து
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
காய்ந்தே இருந்தது.
"பார்த்தாயா லோட்ஸ்" என்று எழுந்தபோது
பிடரியில் ஒரு சொட்டு.
காற்றுப்போக்கிப் பக்கமிருந்து.

பென்சிலைத் தேடி எடுத்து
விரிப்பின் மூலையைத் தூக்கி
அவன் எழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்:
"இப்போது அங்கே."
தேதி போட்டேன்.