தாய்வழிக் காற்று

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள்.
பூளவாடிக்குத் தெற்கே நூற்றுப் பதினேழாம் எண் காத்தாடியை
நிறுத்திவிட்டு உள்ளே ஏறுகிறேன்.
எண்பது மீட்டர், நாலு தட்டு.
இடுப்பில் கொக்கி, தோளில் கிரீஸ் துப்பாக்கி,
வயிற்றில் அரிசியும் பருப்பும் சாதம்.

முதல் தட்டு வரைக்கும் நான் ஏறுகிறேன்.
அதற்கு மேல் அரிசி ஏறுகிறது.

இரண்டாம் தட்டில் தொடை எரிகிறது.
போன ஆடியில் எரியவில்லை.

தங்கை கோகிலவாணிக்கு
பஸ்ஸில் ஏற மூன்றே படி.
மூன்றுக்கு நடுவில் ஒருதரம் நிற்பாள்.
சோம்பேறி என்றது புகுந்த வீடு.
ரத்தம் கம்மி என்றது உடுமலை.
கோயம்புத்தூர்தான்
அவள் தொடையில் மிளகளவு சதை கிள்ளிப் பார்த்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டின் முதுகில் வரைந்தார்:
ஒரு நூல்.
நூலை வாசித்துக்கொண்டே நகரும் ஒரு குண்டு.
குண்டுக்குச் சரக்கு ஏற்றிவரும்
சின்னச் சின்ன வண்டிகள்.
தின்ற பருப்பைக் குலைத்து
இருபது வகை மணியாக்கி
வண்டிக்கு ஒரு மணி ஏற்றி
மும்மூன்று எழுத்தாய் வாசித்துக் கோத்து
கோத்தது தானே மடிந்தால்
அதுதான் சதை, அதுதான் நீங்கள்.

லூசின் ஏற்றிவரும் வண்டிக்கு இவளிடம் அச்சு கோணல்.
பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்தில்
மூவாயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றாவது.
ஏ நிற்க வேண்டிய இடத்தில் ஜி.
அவ்வளவுதான்.
வண்டி தடுமாறினால் கோர்வை தடுமாறும்,
கோர்வை தடுமாறினால்
உள்ளே சுற்றுகிற காத்தாடிக்குக் காற்று குறையும்.

'அங்கேயும் காத்தாடியா?' என்றேன்.
'நொடிக்கு நூறு சுற்றுக்கு மேலே' என்றார்.
என்னுடையது நிமிசத்துக்குப் பதினெட்டு.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்பன் வழியில் எங்களுக்கு வந்தவை:
கூட்டத்தின் பேர், குலதெய்வம்,
ரெண்டு ஏக்கர், அதில் ஒரு போர்.
ஆயிரத்து இருநூறு அடியில் அது
புழுதியும் காற்றும் கக்கியது.
அம்மா வழியில் எதுவும் வரவில்லை
என்றே இருந்தோம்.

'இது அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும்' என்று
பேனாவை மூடினார்.

முப்பது வருசம் விசைத்தறி ஓட்டியவள்.
காது மந்தம் தறியால் என்றோம்.
சர்க்கரை வயசால் என்றோம்.
தறியை வீணாகத் திட்டியிருக்கிறோம்.

வீட்டில் கத்திச் சொன்னேன்.
பாதி கேட்டிருக்கும்.
'எங்கண்ணன்மாரு எனக்கு
ஒரு குழி நெலங் குடுக்குல சாமி.
இது மட்டும் எப்படிச் சரியாப் பங்கு வந்துச்சு?'
என்று கேட்டுவிட்டு
டீ ஆற்றப் போய்விட்டாள்.
கோகிலவாணியின் டம்ளரில் மட்டும்
ரெண்டு கரண்டி சர்க்கரை கூட.

சரியாக வரவில்லை, அம்மா.
நல்லதும் கோணலும் கலந்த விதைப்பையில்
கண்ணை மூடி அள்ளியது அது.
அவளுக்கு நூற்றுக்கு எழுபது கோணல்.
எனக்கு எத்தனை என்று பார்க்கச் சொன்ன சீட்டு
பர்ஸில் மடிந்து நாலு மாசம்.
பார்த்தால் ஏறவிட மாட்டார்கள்.
என் பையனுக்கு என்னிடமிருந்து இது போகாது,
ஆண் இதில் முட்டுச்சந்து.
கோகிலவாணிக்கு மகள்.
அவள் வாசலில் ஓடும்போதெல்லாம்
இவள் உட்கார்ந்த இடத்தில்
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்
எத்தனையாவது சுற்றில் நிற்கிறாளென்று.

மூன்றாம் தட்டு.
கொக்கியை மாட்டிவிட்டு உட்கார்கிறேன்.
இரும்புக்கு வெளியே
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் அத்தனை காற்றும்
உரசிக்கொண்டு போகிறது.
உள்ளே இழுக்கிற ஒரு மூச்சை
எத்தனை கோடிப் பேர் பங்கு கேட்கிறார்கள்.

கீழேயிருந்து நாட்ராயன் வாக்கி டாக்கியில் கூப்பிடுகிறான்:
'அண்ணா, ஏறியாச்சுங்களா?
நிக்கற நிமிசத்துக்கெல்லாம் கணக்குக் கேக்கறாங்க.'

'இரு,' என்கிறேன்,
'காத்து வாங்கிட்டிருக்கறன்.'