கூரை இல்லாத குளிர்

பத்து மாவுங் மீன்கிடங்கில்
மைனஸ் இருபதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்
லீவு போட்டு எங்கே போகக் கேட்பார்?
லங்காவி என்றுதான் நினைத்திருந்தேன்.
நார்வே என்றார்.
ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்,
தட்டு நிறைந்து மேசைக்கு வந்தது.

பத்தொன்பது வருடமாக
அந்தப் பெயர் அச்சடித்த வெள்ளைப் பெட்டிகளை
எடுத்து அடுக்குகிறார்.
உள்ளே சால்மன்.
ஒரு துண்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை,
நாங்கள் கெம்போங் மீன் ஆட்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு படுகிற குளிரை
காசு கொடுத்துப் போய்ப் படவேண்டுமா?
நியாயமாகத்தான் கேட்டேன்.
சற்குணன் கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்:
"அந்தக் குளிருக்குத் தகரக் கூரை இருக்கு, ஜெயமணி.
அதுக்குக் கீழே டியூப் லைட்டு.
குளிருக்கு மேலே வானம் இருந்தா எப்படி இருக்கும்னு
ஒரு தடவ பாக்கணும்."

கணக்கு நோட்டை எடுத்தேன்.
டிக்கெட் ஆளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வெள்ளி,
தோஹாவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.
அங்கே காப்பியே இருபது வெள்ளிக்கு மேலாம்.
ஐந்து நாளைக்குக் காப்பி வேண்டாம் என்று எழுதி
உடனே அடித்தேன்.
பண்டல் கடையில் குளிர்கோட்டு, நாற்பது வெள்ளி.
கொரியாக்காரி யாரோ போட்டது.
பைக்குள் பஸ் டிக்கெட் ஒன்று,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.
எறிய மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
சூப்பர்வைசர் ஓங்கிடம் சொல்லிவிட்டு
என்னைக் கிடங்குக்குள் கூட்டிப்போனார்.
பதினோரு நிமிஷம் தாங்கினேன்.
முதலில் மூக்குத்தி சுட்டது,
ஆமாம், சுட்டது.
பிறகு அவர் ஏதோ சொல்ல
வாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கலைந்தது.
இருபத்திரண்டு வருடத்தில்
அவர் பேசியது கண்ணுக்குத் தெரிந்தது அன்றுதான்.
"என்ன சொன்னீங்க?" என்று கேட்டு
இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஜொகூரிலிருந்து மகள் போனில்:
"டிசம்பர்ல போகாதீங்கம்மா,
அந்த ஊர்ல சூரியன் எழும்பாது."
எழும்பாது என்றால்?
"எழும்பாதுன்னா எழும்பாதும்மா.
பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துலதான் திரும்பி வருமாம்.
பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம்
ஜாம் வச்ச பன்னு சாப்பிட்டு வரவேற்பாங்களாம்."

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
இந்தப் பதின்மூன்றாவது மாடியில்
வருடம் முழுக்கப் பால் பொங்கக்கூட
ஒருநாள்தான் அவனைக் கவனிக்கிறேன்.
மற்ற நாள் எல்லாம்
திரையை இழுத்துவிட்டுத் திட்டுகிறேன்.

ஜனவரி என்று முடிவு செய்தோம்.
ஓங் சிரித்தாராம்.
"சீனப் பெருநாளுக்கு யீ சாங் செய்ய
ஊரே சால்மன் கேட்கும்.
மீன் அங்கேயிருந்து இங்கே வரும்போது
நீ இங்கேயிருந்து அங்கே போறியா?"
லீவு பாரம் அவர் மேசையில் கிடக்கிறது.
நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில்
டிக்கெட் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி ஏறிவிட்டது.
"நாளைக்குக் கேக்குறேன்," என்கிறார்
திங்கட்கிழமையிலிருந்து.

இன்று காலை ஏழேகாலுக்கு
அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடைவழியில் போய் நின்றேன்.
ஜெலுத்தோங் இன்னும் இருட்டு,
கடலுக்கு அந்தப் பக்கம் பிறை விளக்குகள்.
முதுகில் வியர்வை வழிகிறது.
பக்கத்து வீட்டு ரொஹானா பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டே
ஏற இறங்கப் பார்த்தாள்,
"சாக்கிட்டா?" என்றாள். காய்ச்சலா?
இல்லை, காத்திருக்கிறேன் என்றேன்.

வந்தது.
ஏழு இருபத்தெட்டுக்கு,
யாரும் கூப்பிடாமல்,
துணிக்கொடியில் அவருடைய காலுறை மேல் முதலில்.
என் கையில்
ஒரு பன்கூட இல்லை.