அடகுக்கு வந்த முட்டை

பாபநாசம் கூட்டுறவு வங்கியில்
நகை மதிப்பிடுவது என் வேலை.
வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி.
சவரிராஜ் துண்டைப் பிரித்து
கவுண்டரில் வைத்தார் ஒரு முட்டையை.

"டைனோசர் முட்டை மேடம். உள்ளாற படிகம்.
பதினெட்டாயிரம் குடுத்து வாங்கினேன்.
ஒரு பத்தாவது கிடைக்குமா?"

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்.
மதனத்தூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஏதோ ஒரு டீக்கடை, ஒரு ஆள், ஒரு சாக்கு.
மீதியை நானே சொல்லிவிடுவேன்.
இதே கதையோடு எத்தனை வளையல்கள் வந்திருக்கின்றன.

கல்லுக்குக் கடன் கிடையாது என்றேன்.
சொல்லிவிட்டு ஏன் எடை போட்டேனோ.
நகைத் தராசு தாங்காது,
பக்கத்து அறையில் உரமூட்டைத் தராசில்:
இரண்டு கிலோ நூற்று நாற்பது.

ஒரு முனையில் ரூபாய் அகலத்துக்கு உடைப்பு.
உள்ளே கற்கண்டு மினுக்கம்.
ஊசியால் கீறினேன், கோடு விழுந்தது.
கண்ணாடியில் தேய்த்தேன்,
கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.
உரைகல்லுக்குப் பக்கத்துக் குப்பியிலிருந்து
ஒரு சொட்டு ஆசிட்.

சீறியது.
சவரிராஜ் முகத்தில் பத்தாயிரம் வந்துவிட்டது.

சீறினால் சுண்ணாம்பு, அவ்வளவுதான் அண்ணே.
நேற்று வெள்ளையடித்த சுவரும் சீறும்.
காலையில் நீங்கள் தின்ற ஆம்லெட்டின் ஓடும் சீறும்.

சனிக்கிழமை கும்பகோணம் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
மெஹருன்னிசா கல்லூரியில் நிலவியல் எடுப்பவள்,
கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பவள்.
உருட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"சேறு சும்மா இருக்காதுடி.
ஒரு சிப்பித் துணுக்கைச் சுற்றித் தானே உருண்டு
தானே கல்லாகும்.
விரிசலில் ஊறின தண்ணீர்
படிகத்தை விட்டுவிட்டுப் போகும்.
மாதம் ரெண்டு பேர் கொண்டுவருகிறார்கள்."

பிறகு லென்ஸை எடுத்தாள்.
பேச்சு நின்றது.

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டுகள்.
நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைக்க
ஒன்று கழன்று வந்தது.
அறுத்தாள், தேய்த்தாள், மதியம் மூன்றாகிவிட்டது.
வா, பார்.

நாற்றுமுடிகளை நெருக்கி நிறுத்தியதுபோல் இருந்தது.
அடியில் குமிழ் குமிழாக வேர்,
மேலே போகப் போக விசிறியாகும் படிகம்.
இடையிடையே மயிரிழைத் துளைகள்.
"குஞ்சுக்குக் காற்றுப் போன வழி" என்றாள்.

ஓடு அசல். கல் வேறு.

எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முலாம்.
மேலே இருப்பது தங்கம்தான்,
அதனால்தான் ஏமாறுகிறோம்.

அவள் சிரிக்கவில்லை.
துண்டுகளின் தடிமனை ஒவ்வொன்றாக அளந்தாள்.
"மூன்று முட்டையாவது உடைத்திருக்கிறான்.
எங்கே பொறுக்கினான்?
எந்த மண், எத்தனை அடி ஆழம்?
அது தெரியாமல் இதை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?"

பொய்யைச் செய்தவனுக்கு
நிஜம் கிடக்கும் இடம் தெரியும்.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டீக்கடை,
அதுவும் பெயர் தெரியாமல்.

திங்கட்கிழமை சவரிராஜ் கேட்டார்,
"அப்ப முட்டை இல்லியா?"
மூணு முட்டை அண்ணே. ஆனா இது இல்லை.

கல்லை எடுத்துக்கொண்டு போனார்.
மேட்டில் வண்டி நின்றால்
பின்சக்கரத்துக்கு அணை கொடுக்கிறதாம், கச்சிதமாக.
ஆசிட் பட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.
துண்டுகள் மெஹருன்னிசாவின் இழுப்பறையில்.
பத்தொன்பது. இருபத்திரண்டு கிராம் அறுநூறு மில்லி.
நான்தான் நிறுத்துக் கொடுத்தேன்.
சீட்டில் அவள் "கிடைத்த இடம்" என்று எழுதி
முக்காற்புள்ளி வைத்து
பேனாவை மூடிவிட்டாள்.

பணம் போனதற்கு இல்லை,
எதற்கென்று அவருக்கே தெரியவில்லை,
சவரிராஜ் இப்போது ஒவ்வொரு நடைக்கும்
ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறார்.
சர்க்கரை இருக்கிற உடம்பு.
நேற்றும் போன் செய்தார்.
"இங்கயும் அந்த ஆளு இல்ல மேடம்."
அவருக்குப் பின்னால்
பாய்லர் சீறிக்கொண்டிருந்தது.