முப்பத்தாறு புள்ளி நாலு

காலை ஏழுக்கு ஒன்று, இரவு ஏழுக்கு ஒன்று.
சாப்பிட்டாயா இல்லை, பிள்ளை என்ன செய்கிறாள் இல்லை,
வெறும் எண்: 36.4.

துவாஸில் பன்னிரண்டு பேர் படுக்கிற அறை.
வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி.
நாளுக்கு இரண்டு தரம் உடம்புச் சூட்டை
அந்த ஊர் அரசாங்கம் கேட்கிறதாம்.
"அங்க அனுப்புறதை அப்படியே உனக்கும் தள்ளி விடுறேன்,
தனியா எழுத என்ன இருக்கு?"

முதல் நாள் பயந்துபோனேன்.
புதுவயலில் வீடு வீடாக வந்த சுகாதாரத்துறைப் பெண்
நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டி
எனக்குச் சொன்னது தொண்ணூற்றேழு.
முப்பத்தாறில் ஒரு மனுசன் உயிரோடு இருப்பானா?

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. எட்டாம் வகுப்பு மதுநிஷா
கிழித்த காலண்டர் தாளின் பின்னால் போட்டுக் காட்டினாள்.
ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு,
முப்பத்திரண்டைக் கூட்டு.
தொண்ணூற்றேழரை.
"அப்பா நல்லாத்தாம்மா இருக்காரு,
வேற கணக்குல இருக்காரு."

அரிசி ஆலையில் என் பிழைப்பும் எண்தான்.
லாரி நெல்லில் ஒரு பிடி அள்ளி ஈரமானியில் போடுவேன்.
பதினேழைத் தாண்டினால் களம்,
தாண்டாவிட்டால் உள்ளே.
அதற்குத்தான் கூலி.

சித்திரை பிறந்து நாலு நாள்
36.4. 36.4.
36.4. 36.4.
ஒரே வயல் நெல்லே மூட்டைக்கு மூட்டை மாறும்.
என்ன இது, என்று கேட்டு அனுப்பினேன்.
நீலக் குறி இரண்டு விழுந்தது.
அவ்வளவுதான்.

கீழ்க்கட்டில் அறந்தாங்கித் தம்பிதான் கடைசியில் சொன்னான்:
"அண்ணனை வேற கட்டடத்துல வச்சிருக்காங்கக்கா.
தனி ரூமு, நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர் வர்றாரு.
சர்க்காருக்கு உள்ளதைச் சொல்லிட்டாரு.
உங்களுக்குத்தான் பழைய நம்பரு."

அன்று எங்கள் தெருமுனையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒவ்வொரு ஆணிக்கும் அந்த மனுசனைத் திட்டினேன்.
பெயர் தெரியாத ஒரு அதிகாரிக்குத் தெரிந்த சூடு
எனக்குத் தெரியக்கூடாதா?

ஆவணியில் விமானம் கிடைத்தது.
திருச்சியில் இறங்கி, காரைக்குடியில்
ஒரு கல்லூரி விடுதியில் ஏழு நாள்.
பஸ் ஓடினால் அரைமணித் தூரம். பஸ் ஓடவில்லை.
உள்ளூர் சிம்மும் இல்லை.
கடல் தாண்டி வந்துகொண்டிருந்த எண்
கண்டனூரைத் தாண்டி வரவில்லை.

பிறகு வீட்டில் ஏழு நாள்.
கதவில் ஒட்டிய தாளில்
சேவுகன் 'சேவகன்' ஆகியிருந்தார்.
திருத்தச் சொன்னேன்.
"பசை தீந்துபோச்சும்மா" என்றார் வந்தவர்.

மறுநாள் காலை ஏழு.
உள்ளறையிலிருந்து என் போனுக்கு வந்தது: 36.9.
மதுநிஷா பென்சிலைத் தேடினாள்.
வேண்டாம் என்றேன்.
கதவைத் தட்டி, "வாயால சொல்லுங்க" என்றேன்.

நெடுநேரம் மின்விசிறிச் சத்தம்.
அப்புறம்,
"பயமா இருந்துச்சு மீனா."

கஞ்சித் தூக்கை நிலைக்கு வெளியே வைத்தேன்,
மூடியை இறுக்கவில்லை.
ஆலைக்கு நேரமாகிவிட்டது.
முதல் லாரி பதினெட்டு.
களத்துக்கு அனுப்பினேன்.