தவளைக்கண்

கொறேரா தரவேண்டியது ஆறு இலட்சம்.
தந்தது ஒரு திறப்பு.
"காசில்லை, தங்கச்சி. கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்வளவில
ஒரு சாமான் நிக்குது. கொண்டுபோங்கோ."

சாமான்:
ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஸ்பிரைட்.
மூக்கின்மேல் துருத்திய இரண்டு விளக்கு.
ஒன்றுக்குள் மழைத்தண்ணீர்,
மற்றதற்குள் மழைத்தண்ணீரும் நுளம்புக் குடம்பியும்.
ஆசனத்தைக் கிழித்து ஒரு பெருச்சாளி
வம்சம் வளர்த்திருந்தது.
கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை.
உடைந்துபோயிற்றாக்கும் என்று நினைத்தேன்;
செய்தவனே வைக்கவில்லையாம்.
உள்ளே கைவிட்டுத்தான் திறக்கவேண்டும்,
கோழிக்கூட்டில் முட்டை எடுப்பதுபோல.

விற்கத்தான் நினைத்தேன்.
வங்கியில் கணக்குப் பார்ப்பவள் நான்.
பழைய இரும்பு விலையைக் கிலோவால் பெருக்கி
நட்டத்தைப் பென்சிலால் எழுதியும் வைத்தேன்.
பிறகு ஒருநாள் சும்மா பொனற்றைத் தூக்கினேன்.
கண், மூக்கு, மட்காட் எல்லாம் ஒன்றாய் எழும்பி
பல்வைத்தியரிடம் வாய்திறந்த பிள்ளைபோல நின்றது.
அவ்வளவுதான் நடந்தது.

துவான் ரிஸ்லான், கொம்பனித்தெரு, தகரவேலை.
விரலால் தட்டினார். காது வைத்தார்.
"மிஸ், இது கார் இல்ல.
கடல்காத்துக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்கு."
தளத்தை வெட்டினார். வெட்டியதற்கு அப்பாலும்
வெட்டுவதற்கே இருந்தது.

பஞ்சிகாவத்தையில் எட்டுச் சனிக்கிழமை.
இறக்குமதி நிறுத்தம். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால்
கடைக்காரர் என் செருப்பைப் பார்த்து விலை சொன்னார்கள்.
எஞ்சின் மொறிஸ் மைனரின் தம்பி என்று
ரிஸ்லான் கண்டுபிடித்த பிறகு
மொறிஸுக்கு என்றே கேட்டேன். விலை பாதி.

பெயின்ற் உரசினோம்.
சிவப்பின் கீழ் கிறீம், அதன் கீழ் வேறொரு சிவப்பு,
அடியில் இலைப்பச்சை.
இலக்கத்தகட்டை உரசியபோது
ஸ்ரீ எழுத்தின் கீழே, கறுப்பின்மேல் கறுப்பாக,
தடித்த ஒரு படை. பெயின்ற் இல்லை.
தார்.
யாரோ ஓர் இரவில் பூசியது.
அதன் கீழே, பூசப்பட்ட அதே எழுத்து.
ரிஸ்லான் உப்புத்தாளை நிறுத்திக் கேட்டார்:
"எந்தப் படையில நிப்பாட்ட?"
நான் உடனே பதில் சொல்லவில்லை.
"அப்பிடியே விடுங்கோ," என்றேன் பிறகு.
"மேல வார்னிஷ் மட்டும்."

எஞ்சின் பிடித்தது ஆனி மாதம்,
ஒரு போத்தல் பெற்றோலில்.
பதினொரு நிமிடம். போத்தல் முடிந்தது.
நாட்டிலும் முடிந்திருந்தது.

ஆமர் வீதி ஷெட்.
முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு வாகனம்.
ஒருவரும் எஞ்சினைப் போடவில்லை;
வரிசை அசைந்தால் இறங்கித் தள்ளினார்கள்.
பிராடோவுக்கு நாலுபேர். வேனுக்கு ஆறு.
என் ஸ்பிரைட்டுக்கு இடதுகை.
வலதுகையில் பிளேன்ரீ.
"எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார் பிராடோக்காரர்.
"இதுவரைக்கும் மணிக்கு முப்பது மீற்றர்."
சிரித்தார். மூன்று நாளில்
அவர் சிரித்தது அப்போதுதான்.
இரவு மழை. கூரை இல்லாத கார்.
யாருடையதோ தெரியாத ஒரு படங்கு என்மேல் விழுந்தது,
யாரென்று பார்ப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

நாலாம் நாள், விடிய நாலு மணிக்கு, பௌசர்.
என் பங்கு ஏழு லீற்றர்.
ஸ்ராட்டர் கேபிளை இழுத்தேன்.

காலி வீதியில் ஒரு வாகனம் இல்லை.
பஸ் இல்லை. ஓட்டோ இல்லை. பொலிஸ்கூட இல்லை.
நாட்டிடம் எண்ணெய் இல்லாததால்
கொழும்பு முழுவதும் எனக்குப் பாதை விட்டிருந்தது.
வெட்கமாகத்தான் இருந்தது. மிதித்தேன்.
கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி,
குறுக்குத்தெரு ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துண்டுக் கடல்,
துண்டுகள் நெருங்கி நெருங்கி வந்தன.
வேகம் தெரியாது.
முள்ளைத் திருத்த மறந்திருந்தோம்,
பூச்சியத்திலேயே நின்றது.

வெள்ளவத்தைச் சந்தை தாண்டி எஞ்சின் இருமியது,
நின்றது.
பெற்றோல் இருந்தது. வேறு எதுவோ இல்லை.
பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
இறங்கினேன்.
இடதுகையை வைத்தேன்.