ஒட்டு

விபத்து என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்களாம்.
பன்றி குறுக்கே ஓடியதாம்.
நம்பக்கூடியதுதான். செம்பனைக்குள் பன்றிக்கா பஞ்சம்.

உபதேசியார் ஞானாபரணத்தின் கப்சாயை
லோரியில் போட்டு வந்து
என் பட்டறை வாசலில் இறக்கினார்கள்.
கூடைக்குள் பாட்டுப் புத்தகம்
மழையில் ஊறி ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.
ஒற்றைச் செருப்பு. ஒரு பனடோல் அட்டை,
ஆறாம் லயத்தில் யாருக்கோ கொண்டுபோனது.

இருபத்திரண்டு வருஷமாய் மோட்டார் பார்க்கிறேன்.
விழுந்த வண்டி ஒரு பக்கம் தேயும்,
பெடல் மடங்கும்.
இது தேயவில்லை.
மட்கார்டில் ஐந்து பள்ளம்,
ஐந்தும் மேலிருந்து இறங்கியவை.

டீக்கடையில் காரணம் மூன்று உலவியது.
பிள்ளைகளை அவர் பக்கம் இழுக்கிறார் என்றார் ஒருவர்.
சம்சுக்காரன் வீட்டெதிரே ஜெபம் வைத்தால்
சும்மா விடுவானா என்றார் இன்னொருவர்.
பங்களாப் பையன்களுக்குச் சம்பளச் சீட்டை
வாசித்துக் காட்டினாராம்,
இதைச் சொன்னவர் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
எதுவானாலும் தாடை இரண்டு இடத்தில் போய்விட்டது.
தைப்பிங் ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

நான் அவர் சபை ஆளில்லை.
வெள்ளிக்கிழமை கடை வாசலில் எலுமிச்சை வெட்டுகிறவன்.
அவர் நீட்டிய துண்டுத்தாளில் ஒருமுறை
ஸ்பார்க் பிளக் துடைத்தேன்.
பார்த்துவிட்டுச் சிரித்தார்,
"அதுக்காவது ஆகட்டும்."

நாலு பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தியபின்
ஐந்தாவதில் விரல் இடறியது.
பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம்,
மிளகு அளவு.

குலை குத்தும் உளிப்பாரை கழுத்து விட்டுப்போய்
தீபாவளிக்கு முன்னால் நான்தான் ஒட்டினேன்.
ஓரத்தில் ஒரு குமிழ் நின்றுவிட்டது.
அரம் போட நேரமில்லை என்று
மண்டோர் மகனிடம் ஐந்து வெள்ளி குறைத்து வாங்கினேன்.

சலோமியம்மா வந்தார், பர்ஸைத் திறந்தபடி.
கூடைக்கு மட்டும் காசு என்றேன்.
ஒரு பள்ளம் ஏன் அப்படியே இருக்கிறது என்று
அவர் கேட்கவில்லை.
நாலு ஏன் இல்லை என்றும் கேட்கவில்லை.

இன்று காலை பாரையோடு வந்து நிற்கிறான்.
"அதே எடம் விட்டுப்போச்சுண்ணே."
வெல்டிங் முகமூடியை இழுத்துவிட்டேன்.
கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து
எங்கே பார்க்கிறேன் என்று வெளியே தெரியாது.
"வச்சிட்டுப் போ."
"எப்ப வரட்டும்?"

பாரையைக் கப்சாய்க்குப் பக்கத்தில் சாய்த்தேன்.
குமிழுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்.
பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் போலீஸ் நிலையம்.
மூன்று மணிக்குள் மழை வரும் போலிருந்தது.